கோதண்டராமன் வைத்த பார்டர்

திருவூடல் தெரு டெய்லர் கோதண்டராமனுக்குத் தன் பெண்டாட்டி மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பங்காளி மேல் பொறாமை வந்தால் ஊரே புரிந்துகொள்ளும். எதிர்க் கடைக்காரன் மேல் வந்தால் தொழில் என்று விட்டுவிடும். கட்டின பெண்டாட்டி நாலு பேரிடம் நல்ல பெயர் வாங்குகிறாள், அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது என்று எந்த ஆம்பளை டீக்கடையில் போய்ச் சொல்வான்? சொல்ல முடியாததால் அது உள்ளேயே கிடந்து புகைந்தது. தலைக்கு டை அடிக்கிற வயதில் மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால் தேவையில்லைதான். வந்துவிட்டதே, என்ன செய்வது.

அந்தத் தெருவுக்குப் புருஷன் பெண்டாட்டி தகராறு புதிதல்ல. வருஷா வருஷம் தை மாதத்தில் சாமியும் அம்மனும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போகிற தெரு. ஆனால் அந்தச் சண்டை மறுநாள் தீர்ந்துவிடும். கோதண்டராமனுடையது ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தது. அதிலும் சண்டை போடுகிற ஆள் அவர் ஒருவர்தான். வெள்ளையம்மாளுக்குத் தன் வீட்டில் சண்டை நடக்கிற விஷயமே தெரியாது.

அவர் தண்டராம்பட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. கடலை போட்டுப் பிழைத்த குடும்பம். அண்ணன்மார்கள் நிலத்தோடு நிற்க, இவர் மட்டும் மண்வெட்டி பிடித்தால் கை கொப்புளிக்கிறது என்று சொல்லிவிட்டு டவுனுக்கு வந்து, ஒரு லேடீஸ் டெய்லரிடம் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தார். காஜாவிலிருந்து கட்டிங்குக்கு வருவதற்குள் அந்த முதலாளியிடம் வாங்காத திட்டு இல்லை. பிறகு சொந்தக் கடை. முன்னறை கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. ஜாக்கெட் தைப்பதில் அவருக்கு டவுனில் ஒரு பெயர் இருந்தது. கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிற பெண்கள் வேங்கிக்காலிலிருந்து பஸ் ஏறி வந்து அவரிடம்தான் கொடுப்பார்கள். முகூர்த்த ஜாக்கெட் என்றால் அளவு ஜாக்கெட்டை நீட்டும்போதே பெண்ணைப் பெற்றவள் உன்னை நம்பித்தான் கோதண்டம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

திரைக்குப் பின்னால் வெள்ளையம்மாள் இருந்தாள். ஹூக் கட்டுவது, ஓரம் மடித்து எம்மிங் போடுவது எல்லாம் அவள் கை. சேலையின் கீழ் ஓரத்துக்கு ஃபால்ஸ் பட்டை வைக்கும்போது கீழ்த் தையலை இவர் மெஷினில் ஓட்டுவார், மேல் தையலை அவள் கையால் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். இதை யார் முடித்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று அவளும் நினைத்ததாகத் தெரியவில்லை.

வினை ஒரு மெஷின் மூடாப்பாக வந்து சேர்ந்தது. ஜாக்கெட் வெட்டினால் கீழே விழுகிற துண்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேரும். குப்பை வண்டிக்காரர்கள் தூக்க மாட்டேன் என்று முனக ஆரம்பித்த சமயம், வெள்ளையம்மாள் அதிலிருந்து நல்ல துண்டுகளாகப் பொறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டுப் போட்டுத் தைத்து, அவருடைய பவர் மெஷின் மேல் தூசு படாமல் இருக்க ஒரு மூடாப்பு செய்து போட்டாள். அவர் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த புனேக்காரப் பெண்மணி ஒருத்தி, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தாள். வந்தவள் ஜாக்கெட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் மேலிருந்த மூடாப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை யார் செய்தது, கட்டிலுக்கு இதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள். கோதண்டராமன் அந்த ஜாக்கெட்டின் கழுத்துக்கு நூல் கனத்தில் ஓரச் சுருளாகப் பைப்பிங் வைத்திருந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தார்.

அப்புறம் என்ன, ஒருத்தி வாங்கியதை இன்னொருத்தி பார்த்தாள். செங்கம் ரோட்டுக் காபிக் கடைகளிலும் விடுதிகளிலும் வெள்ளையம்மாளின் ஒட்டுப் போர்வை ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் அதைக் குயில்ட் என்றார்கள், தெருக்காரர்கள் போர்வை என்றார்கள். ஆட்டோ முருகையன் காலங்காலமாக இவர் கடை வாசலில் வண்டி போடுகிறவன், இவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தவன். அவனே சவாரியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போர்வைக்கார அம்மா வீடு இதுதாங்க என்று கை காட்டினான். தலைக்கு மேலே கோதண்டராமன் லேடீஸ் டெய்லர் என்று போர்டு தொங்குகிறது. அது அந்தப் பாவியின் கண்ணில் படவில்லை. ஒருநாள் பேங்க்கில் யாரோ ஒரு அம்மாள் இவரைப் பார்த்துச் சிரித்து, நீங்கள் வெள்ளையம்மாள் வீட்டுக்காரர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாஸ்புக்கைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

பொறாமை பிடித்த மனுஷன் சும்மா இருப்பானா? அவளைக் கேட்டு போன் வந்தால், அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பார். நல்ல துண்டு கீழே விழுந்தால்தானே போர்வை தைப்பாள் என்று வெட்டும்போதே கையைச் சுருக்கினார். கலம்காரியிலோ செட்டிநாடு காட்டனிலோ உள்ளங்கை அகலத்துக்கு ஏதாவது மிஞ்சினால், குறுக்கே இரண்டு வெட்டு வெட்டிப் பொடியாக்கித்தான் கீழே போடுவார். வெள்ளையம்மாள் அதைப் பார்த்தாள். துணி விற்கிற விலைக்கு மனுஷன் சிக்கனமாக வெட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அந்தப் பொடித் துண்டுகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தாள். அது முன்பு தைத்ததையெல்லாம்விட அழகாக வந்து தொலைத்தது. அதைப் பார்க்கவென்றே ஆட்கள் வந்தார்கள். கோதண்டராமன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்.

அவரும் ஒன்று தைத்துப் பார்த்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஆரணி போயிருந்த சமயத்தில், டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு, நூல் பிசகாமல் கட்டம் கட்டமாக வெட்டித் தைத்தார். தையல் என்றால் அப்படி ஒரு தையல், மூலையும் மூலையும் ஊசி நுனியில் சந்தித்தன. கடை வாசலில் மாட்டிவைத்தார். ஒரு ஆள் நிற்கவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் பச்சை, பார்த்தால் கட்சிக் கொடிகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. வெள்ளையம்மாள் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைக்கிறாள், அது ஏன் அங்கே போய்ப் பொருந்துகிறது என்பது அவருக்குப் பிடிபடவேயில்லை. ஊரிலிருந்து வந்தவள் அதைத் தடவிப் பார்த்து, தையல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, எனக்கு இப்படி வராது என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் எரிந்தது. அன்றைக்கே அதைச் சுருட்டி மேல் பலகையில் தூக்கிப் போட்டுவிட்டார்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின மாதம் அருணாதேவி வந்தாள். செங்கம் ரோட்டில் விடுதி நடத்துகிறவள், கறாரான பொம்பளை. மேலே ஒரு மாடி எடுத்துப் புதிதாக ரூம்கள் கட்டியிருந்தாள். தீபக் கூட்டம் வருவதற்குள் திறந்துவிட வேண்டும். எல்லாக் கட்டிலுக்கும் இந்த ஒட்டுப் போர்வையே போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. முதலில் டபுள் கட்டிலுக்கு ஒன்று தைத்துக் காட்டு, பிடித்துவிட்டால் மொத்தமும் உனக்குத்தான், மாடியிலேயே ஒரு ரூமை ஒழித்துத் தருகிறேன், கூட நாலு பெண்களை வைத்துத் தைத்துக்கொள் என்று வெள்ளையம்மாளிடம் சொன்னாள். சரியாக வராவிட்டால் ஜெய்ப்பூரிலிருந்து ரெடிமேடாக வரவழைத்துக்கொள்வேன், அப்புறம் என் மேல் வருத்தப்படக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னாள். ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. ஒரே ஒரு நிபந்தனை, நாலு பக்கமும் அகலமான பார்டர் வேண்டும். அதுவரை வெள்ளையம்மாள் பார்டர் வைத்ததில்லை. ஓரத்தை மடித்து அடித்து விட்டுவிடுவாள். அது கட்டிலில் போட்டால் பாதியில் நிறுத்தின மாதிரி தெரிகிறது என்றாள் அருணாதேவி.

இத்தனையும் கோதண்டராமனின் காதுக்கு முன்னாலேயே நடந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுதிக்காரி படி இறங்கியதும், அப்போ ஹூக் கட்ட நான் வேறு ஆள் தேட வேண்டுமா என்று மெஷினைப் பார்த்துக்கொண்டே முனகினார். எதற்குத் தேட வேண்டும், சாயங்காலம் வந்து நான் கட்ட மாட்டேனா என்றாள் அவள். செய்துவிடுவாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதையும் செய்து இதையும் செய்து, இரண்டிலும் நல்ல பெயர் வாங்கிவிடுவாள்.

வெள்ளையம்மாள் தைக்க உட்கார்ந்தாள். சேர்த்து வைத்திருந்த துண்டுகளையெல்லாம் தரையில் பரப்பி, நகர்த்தி, மாற்றி, எழுந்து நின்று பார்த்து, மறுபடி குனிந்து மாற்றினாள். நடுப்பகுதி மெல்ல மெல்ல வளர்ந்தது. மலை மேல் மழை இறங்குகிற நேரத்துச் சாம்பலும் நீலமும் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, இடையில் பச்சைகள் கலந்து, எதிர் மூலையில் காவிக்குப் போய்ச் சேர்ந்தது. திரை ஒதுங்கும்போதெல்லாம் கோதண்டராமன் ஓரக்கண்ணால் பார்த்தார். நன்றாக இருந்தது. நன்றாக இல்லை என்று சொல்ல ஒரு இடம் கிடைக்குமா என்று தேடினார். கிடைக்கவில்லை.

நடுப்பகுதி முடிந்த அன்று அவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தாள்.

“பார்டர் மட்டும் நீங்க வெச்சிக் குடுங்க. எனக்கு நேரா வராது. உங்க கை பட்டாத்தான் எடுப்பா இருக்கும்.”

அந்த ஒரு நிமிஷம் கோதண்டராமனுக்கு ஒரு வருஷத்து எரிச்சலும் அடங்கியது. அவளால் முடியாத ஒன்று இருக்கிறது. ஊரெல்லாம் கொண்டாடட்டும், வெளிநாட்டுக்காரன் வந்து போட்டோ எடுக்கட்டும், கடைசியில் பார்டருக்கு இவரிடம்தானே வர வேண்டும்? விடுதிக்குப் போனாலும் ஒவ்வொரு போர்வையையும் தூக்கிக்கொண்டு இந்த மேஜைக்கு வந்தாக வேண்டும். அது போதும் அவருக்கு. சத்தியமாகப் போதும். பெரிய மனசு பண்ணி, வை பார்க்கலாம் என்றார்.

அரக்கு நிறத்தில் ஒரு காட்டன் எடுத்துப் பட்டையாகக் கிழித்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார், மெஷினை விட்டார். எத்தனை ஆயிரம் சேலைக்கு ஃபால்ஸ் ஓட்டின கை. ஃபால்ஸுக்கு யாராவது அளவு எடுப்பார்களா? பட்டையை வைத்து ஓட்டிக்கொண்டே போனால் அது பாட்டுக்கு ஓடும், முடிகிற இடத்தில் வெட்டிவிட வேண்டியது. அப்படியே நாலு பக்கமும் ஓட்டினார். நடுநடுவே பாட்டுகூட முணுமுணுத்தார். வெள்ளையம்மாள் அதைக் கேட்டு உள்ளே சிரித்துக்கொண்டாள், மனுஷன் பாடி எவ்வளவு நாளாயிற்று என்று.

இரண்டு பேருமாகப் பிடித்துத் தரையில் விரித்தார்கள். நடு படிந்து கிடந்தது. நாலு பக்கத்து பார்டரும் படிய மாட்டேன் என்று எழுந்து நின்றது. ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் எழும்பியது, பாவாடைக்கு ஃப்ரில் வைத்த மாதிரி சுற்றிலும் அலை அலையாக.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கோதண்டராமன் வாங்கின பெயரெல்லாம் இந்தத் தரையிலேயே போய்விடும் போலிருந்தது. வாய் தானாகப் பேசிவிட்டது.

“பார்டர்ல ஒண்ணும் இல்ல. உன் நடுதான் தொளதொளன்னு கெடக்குது. இஸ்து இஸ்து தெச்சிருக்க, அதான் ஓரம் நிக்கல.”

சொல்லும்போது அவர் அதை முக்கால்வாசி நம்பத்தான் செய்தார். வெள்ளையம்மாள் முழுசாக நம்பினாள். தையலில் அவர் சொல்லி அவள் மறுத்ததே கிடையாது. குனிந்து உட்கார்ந்து நடுப்பகுதியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்போ பிரிச்சித்தான் ஆவணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக பார்டரைப் பிரித்து எடுத்து அவர் மேஜை மேல் வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனாள். கடையில் அவர் தனியாக இருந்தார். சும்மா கை நீட்டி அந்தப் பட்டைகளில் எதிரெதிர்ப் பக்கத்துப் பட்டை இரண்டை எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்தார். ஒரே போர்வையின் இடதும் வலதும், சமமாக இருக்க வேண்டியவை. ஒன்று மற்றதைவிட ஒரு கையகலம் நீண்டு தொங்கியது. உள்ளே போய்ப் போர்வையை எடுத்துவந்து நீளவாக்கில் நட்டநடுவில் டேப் பிடித்தார். நடு அளவு இரண்டு பட்டையையும்விடக் கம்மி. விளிம்பில் பிடித்துப் பார்த்தார், தொட்ட தொட்ட இடமெல்லாம் இழுத்த இழுப்புக்கு நீண்டது.

புரிந்துவிட்டது. சேலை விளிம்பு நெய்த விளிம்பு, மெஷின் இழுத்தாலும் நீளாது. இது கண்ட கண்ட பக்கமாக வெட்டின துண்டுகள் சேர்ந்த விளிம்பு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். அந்த விளிம்பை நம்பிப் பட்டையை ஓட விட்டால் பட்டை மிஞ்சாமல் என்ன செய்யும்? நடுவில் அளந்து, அந்த அளவுக்குப் பட்டையை முதலிலேயே வெட்டி வைத்திருக்க வேண்டும். காஜா எடுக்கிற பையன் செய்தால் தலையில் குட்டுகிற தப்பு. நடுவில் ஒரு குறையும் இல்லை. அவள் தைத்த நடு துளிகூடப் பிசகவில்லை.

போர்வையை இருந்த மாதிரியே மடித்து இருந்த இடத்தில் வைத்தார். பட்டைகளைச் சுருட்டி மேஜைக்கு அடியில் தள்ளினார்.

வெள்ளையம்மாள் வந்தாள், கையைக் கழுவினாள், பிளேடை எடுத்துக்கொண்டு திரையோரமாக வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்தாள். முதல் தையலை அறுத்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரி, அவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகும்? நடுவும் அவளுடையது, குறை இல்லாதது. பார்டர் இவருடையது, கோணல். அதை இவர் வாயாலேயே சொல்ல வேண்டும். பிரிக்கட்டுமே, ஒரு தடவை பிரித்துத் தைத்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார். முதலாளியிடம் நான் பிரிக்காததா? வெள்ளிக்கிழமைக்கு முடியாமல் போனால் போகட்டும், ஜெய்ப்பூர்க்காரன் பிழைத்துப் போகட்டும் என்றும் நினைத்தார். நினைத்தார் என்ன, அப்படி ஆகிவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டார். அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. கிர்ர் கிர்ரென்று அவள் தையலை அறுக்கிற சத்தம் சாயங்காலம் வரைக்கும் கேட்டது, அவர் ஜாக்கெட் கைகளை இணைத்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரண்டு ஜாக்கெட்டுக்கு இடது கையும் வலது கையும் மாறிப் போனது.

அடுத்த நாளும் பிரித்தாள். பழைய ரூபியா ஜாக்கெட் துணி, தையலோடு சேர்ந்து இழை இழையாக வந்தது. பிரித்த துண்டு ஓரம் நைந்து ஒரு விரற்கடை சிறுத்துப் போனது. காவிப் பக்கம் முழுக்கக் கலைந்து குவியலாகக் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல், கிழிந்து போன ஒரு பச்சைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மேஜைப் பக்கம் வந்தாள். இந்தப் பச்சையில் வேறு துண்டு இருக்குமா என்று கேட்டாள். அது எந்தக் காலத்திலோ யாருக்கோ தைத்த ஜாக்கெட். இல்லை என்று தலையாட்டினார். அவள் போகவில்லை. அந்தத் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“நீங்க சொன்னது சரிதாங்க. எனக்குத் தல கனம் வந்துடுச்சி. ஆளாளுக்கு ஆஹா ஓஹோன்னதும் கண்ணு தெரியாம தெச்சிக்கினு போயிருக்கேன். உங்ககிட்ட காட்டிக் காட்டித் தெச்சிருக்கணும், பெரிய இவளாட்டம் நானே தெச்சிட்டேன்.”

இதைத்தான் ஒரு வருஷமாக அவர் எதிர்பார்த்தார். படுக்கையில் புரளும்போதெல்லாம் அவள் இப்படி வந்து நிற்பதாக எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பார். வந்து நின்றுவிட்டாள். வார்த்தைக்கு வார்த்தை சொல்லிவிட்டாள். ஒரு சொட்டு சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லை. அவள் விரல் நுனியெல்லாம் பிளேடு கீறிச் சிவந்திருந்தது. அதைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

“பிரிக்காத, நிறுத்து” என்றார். அவள் புரியாமல் பார்த்தாள். “உன் நடு சரியாத்தான் இருக்குது. பார்டர்தான் தப்பு. ஃபால்ஸ் ஓட்டற மாதிரி ஓட்டிட்டேன். நடுவுல அளந்து வெட்டியிருக்கணும், அளக்கல.”

வெள்ளையம்மாளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அடப் பாவமே, அவ்வளவுதானா என்பது போல முகம் விரிந்தது. பிறகு மெல்ல மேஜைக்கு அடியில் பார்த்தாள். பட்டைகள் ஒழுங்காகச் சுருட்டி உள்ளே தள்ளியிருந்தன.

“எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?”

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த மனுஷனுக்கு அதையாவது செய்யத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

“நேத்து காலையில. நீ காய் வாங்கப் போயிருந்தப்ப.”

“வந்துதான நான் பிரிக்க ஒக்காந்தேன்.”

அவர் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

“இங்க ஒக்காந்து பாத்துக்கினு இருந்தீங்களா?” என்றாள் வெள்ளையம்மாள்.

அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அவள் இரண்டும் செய்யவில்லை. திரும்பிப் போய்த் தரையில் கிடந்த துண்டுகளை ஒன்றொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கும் மறுநாளும் உட்கார்ந்து காவிப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தாள். பச்சை இருந்த இடத்தில் தன்னுடைய ரவிக்கைக் கை ஒன்றை வெட்டி வைத்தாள். சமையல் நடந்தது, சாப்பாடு போட்டாள், ஹூக் கட்ட வேண்டியதைக் கட்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள், எப்படி அளக்க வேண்டும் என்று. கோதண்டராமன் ஆசையோடு எழுந்துவந்து சொன்னார். விளிம்பில் அளக்காதே, நட்டநடுவில் அள, அந்த அளவுக்கு இரண்டு பட்டையையும் ஒன்றாக வெட்டு, இரண்டு முனையிலும் நடுவிலும் குண்டூசி குத்து, பிறகு இடையில் குத்திக்கொண்டே வந்து விளிம்பைப் பட்டைக்குள் அடக்கு, தைப்பதெல்லாம் அதற்கப்புறம் என்றார். இவ்வளவு நன்றாக அவர் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிவிட்டு, குடு என்று கையை நீட்டினார்.

“வேணாங்க. நானே வெச்சிக்கறேன்.”

பழைய மிதி மெஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பட்டையில் ஒரு இடத்தில் சுருக்கம் விழுந்தது, பிரித்து மறுபடி வைத்தாள். அவரைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் தரையில் விரித்தபோது நாலு மூலையும் படிந்து கிடந்தது. இராத்திரிக்குள் அடியில் பஞ்சும் பழைய சேலையும் வைத்து நூலோட்டி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அருணாதேவி வந்தாள். கட்டிலில் விரிக்கச் சொல்லி நாலு பக்கமும் சுற்றி வந்தாள். கறாரான பொம்பளை, நடுவை ஒரு பார்வை பார்த்துவிட்டு பார்டரில்தான் குனிந்தாள். விரலால் நீவிப் பார்த்து, இவ்வளவு நேராக வந்திருக்கிறதே, பார்டர் சார் போட்டதா என்று கேட்டாள். வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்த கோதண்டராமன் ஒரு எட்டு உள்ளே வந்தார்.

“அளவு சொன்னது அவரு. தெச்சது நானு” என்றாள் வெள்ளையம்மாள்.

பொய்யும் இல்லை, குத்தலும் இல்லை. உள்ளது உள்ளபடி. மொத்த வேலையும் அவளுக்கே என்று பேசி முடித்துவிட்டு அருணாதேவி கிளம்பினாள். படி இறங்கும்போது அவரைப் பார்த்து, கொடுத்து வைத்தவர் சார் நீங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது அவள் காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துச் செங்கம் ரோட்டுக்குப் போகிறாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறாள். வந்து ஹூக் கட்டுகிறாள், எம்மிங் போடுகிறாள். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள். தெருவில் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, அவரிடமும் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை. சில நாள் அங்கே முடிக்காத போர்வையை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கே கொண்டுவருவாள். நடுப்பகுதி முடிகிற கட்டத்தில் இருக்கிறது என்பது கோதண்டராமனுக்குத் திரைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்துவிடும். தைத்துக்கொண்டிருக்கிற ஜாக்கெட்டை ஓரம் கட்டுவார். மேஜையைத் துடைப்பார். பாபினில் அரக்கு நூல் சுற்றி வைப்பார், டேப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார். அவள் எழுந்து வருகிற சத்தம் கேட்கும், திரை விலகும்.

“அந்தக் குண்டூசி டப்பாவ எடுங்க” என்பாள். அவர் எடுத்துக் கொடுப்பார்.